இடது காது

"சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க சார். எவ்ளோ சின்னச் சத்தமா இருந்தாலும் அமுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, சோதனை செய்கிற மமதா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

ஓஸ்வால்ட் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். கையில் வயர் கோத்த ஒரு பட்டன்.

அறை ஒரு பீரோவைவிடக் கொஞ்சம் பெரிது. சுவர் முழுக்க மெத்தை. கதவைச் சாத்தியதும் ஓல்ட் மெட்ராஸ் ரோட்டு பஸ் இரைச்சல் வெட்டினாற்போல நின்றது.

வைட்ஃபீல்டில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கால் சென்டரில் வேலை. மூன்று இன்டர்வியூ முடிந்துவிட்டது. முப்பத்தைந்து வயதில், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று தேறியிருந்தான். காக்ஸ் டவுன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் அவனைக் கைவிடவில்லை.

பாக்கி இந்தக் காது சோதனை ஒன்றுதான். போனில் பேசிப் பிழைக்கிற கம்பெனி, காதைப் பார்க்காமல் ஆளை எடுக்குமா?

முதலில் வலது காது. அதில் அவனுக்குப் பயமில்லை. வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்ததால் மமதா அவசரமாகச் சத்தங்களை விட்டாள். ஒன்றுவிடாமல் அமுக்கினான்.

பயமெல்லாம் இடது காதில்தான்.

ட்ரம்ஸ் வாசிக்கிறவனுக்கு இடது பக்கம்தான் சிம்பல் என்கிற அந்தப் பெரிய பித்தளைத் தட்டு. தேசிகன் வீட்டுத் தகரக் கொட்டகையில், ஏழு வருடம், ஞாயிறு தவறாமல் அதை விளாசியிருக்கிறான். தேசிகன் கிட்டார், நோரா பாட்டு, இவன் ட்ரம்ஸ். அதுதான் அவர்கள் பேண்ட்.

நோரா ஒருநாள் பஞ்சை உருட்டிக் கொண்டுவந்து, காதில் வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

"சமையல்காரன் மூக்கைப் பொத்திக்கிட்டா சமைப்பான்?" என்று கேட்டு, அதை வாங்கி ஜன்னல் வழியே எறிந்தான் ஓஸ்வால்ட். அவ்வளவு பெரிய அறிவாளி.

தொண்ணூற்றெட்டில் பேண்ட் கலைந்தது. சண்டை ஒன்றும் இல்லை. தேசிகனுக்கு சாஃப்ட்வேர் வேலை கிடைத்தது. நோராவுக்குக் கல்யாணம் ஆனது. அவரவர் பாட்டைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஓஸ்வால்ட் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தான். ரயில்வே பரீட்சை எழுதச் சொல்லி அப்பா வாங்கி வைத்த விண்ணப்பப் பாரம் பீரோவிலேயே கிடந்து மஞ்சளாகிப் போனது.

காது மங்குவது பிறகுதான் தெரிந்தது. மகள் இடது பக்கம் வந்து ரகசியம் சொன்னால் அவனுக்குக் காற்றுதான் வரும். மூச்சு நிற்கிற இடம் பார்த்துச் சிரித்துவைப்பான்.

யார் மேலாவது கோபப்பட வேண்டுமே. பேண்டின் மேல் பட்டான். தேசிகன் போன் செய்தால் எடுப்பதில்லை. போன வருடம் நோரா தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்தபோது, பின்வாசல் வழியாக நழுவிவிட்டான். அவள் இவன் பெண்டாட்டி யூனிஸிடம் பேசி, டீ குடித்துவிட்டுப் போனாள். ஏழு வருடம் வாசித்துத் தான் சம்பாதித்தது இந்தச் செவிடுதான் என்று அன்றைக்கு ராத்திரி யூனிஸிடம் சொன்னான்.

கண்ணாடி வழியாக மமதா தன் இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

கண்ணை மூடிக்கொண்டான்.

பீப்.

கேட்டது. அமுக்கினான்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் வந்தது. அமுக்கினான்.

சத்தம் மெலிந்துகொண்டே போனது. கொசு பறக்கிற அளவு. அமுக்கினான். அதைவிடச் சின்னது. அதையும் அமுக்கினான்.

அடுத்தது இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒன்று. இருந்தது. சந்தேகமே இல்லை.

கேட்கிறதே. எல்லாம் கேட்கிறதே.

அப்படியானால் இத்தனை நாள் எதற்குப் பயந்து செத்தோம்? சளியோ அழுக்கோ அடைத்திருக்கும். தானாகச் சரியாகியிருக்கும். ஆண்டவரே, நன்றி.

இந்த வேலை கிடைத்துவிட்டது. மகளுக்கு ஜூனில் பள்ளிக்கூடம். யூனிஸ் இனி ரெண்டு இடத்தில் டியூஷன் எடுக்க வேண்டாம்.

தேசிகனுக்கு இன்றைக்கே போன் செய்ய வேண்டும். நோரா நம்பரை அவனிடமே கேட்டுக்கொள்ளலாம். பாவம், ஒரு பாவமும் அறியாதவர்கள் மேல் பழியைப் போட்டு ஐந்து வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டோமே என்று நினைத்தான். அந்தத் தகரக் கொட்டகையும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளும் வீண் இல்லை. நன்றாகத்தான் இருந்தோம். நன்றாகத்தான் வாசித்தோம்.

மூடிய கண்ணுக்குள் சிரித்துக்கொண்டே அமுக்கினான். இடைவெளி விட்டான். அமுக்கினான்.

யாரோ தோளைத் தொட்டார்கள்.

கண்ணைத் திறந்தான். கதவு திறந்திருந்தது. மமதா பக்கத்தில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஹெட்போனை அவளே மெதுவாகக் கழற்றினாள்.

"எல்லாமே கேட்டுச்சும்மா" என்றான், முதல் ரேங்க் வாங்கிய பிள்ளையைப் போல.

அவள் அவனுடைய வலது பக்கமாக வந்து நின்றுகொண்டாள்.

"சார், நான் சத்தம் குடுக்கறதை நிறுத்தி ரெண்டு நிமிஷம் ஆச்சு. நீங்க அமுக்கினா எரியற லைட்டு மட்டும் துளிகூட பிசகாம வந்துக்கிட்டே இருந்துச்சு."

ஏழு வருடம் மேடை ஏறியும் அவன் தாளத்தை யாரும் அப்படிச் சொன்னதில்லை.