அளவு தப்பிய கச்சு

ஒரு வாரமாக மனைவி அவனுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாதவள், முன்பக்கம் நாடா வைத்துக் கட்டும் பழைய காலத்து மார்க்கச்சு ஒன்றைக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாள். தன்மேல் என்ன கோபமோ என்று நினைத்தான். சிரிக்க வைத்துப் பார்த்தான்.

"மகாராணி எந்த அரண்மனைக்குக் கிளம்பறீங்க?"

"பேசாம இருங்க. விரல்ல குத்திக்கப் போறேன்."

"கடையில விக்கறது ஆகாதாக்கும்?"

"இந்த அளவு கடையில கிடைக்காது."

வாங்கி விரித்துப் பார்த்தான். வலது பக்கம் கிண்ணம்போல் அழகாகக் குழிந்திருந்தது. இடது பக்கம் பலகை மாதிரி தட்டை.

"அடிப்பாவி, இந்தப் பக்கம் துணி விடவே மறந்துட்டியே. பிரிச்சிடு."

அவள் அதைத் திரும்ப வாங்கி, கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள்.

"மறக்கலங்க. அந்தப் பக்கத்தை எடுத்தாகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாளைக்கு உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு."