விசிறியில் சிக்கிய வலை

விடியலிலிருந்து துடுப்புப் போட்ட தோள் இரண்டும் கழன்று விழுவதுபோல் வலிக்க, வலைக்காரி தன் வள்ளத்திலிருந்து எட்டி, வாடகை மோட்டார் படகின் பின்புறம் கத்தியோடு குனிந்திருக்கிறாள். வலையின் மிதவைகளை அலங்காரம் என்று நினைத்து, படகில் உல்லாசமாக வந்தவர்கள் அவற்றின் நடுவே ஓட்டி வந்திருக்கிறார்கள். சிக்கியதும் நிறுத்தாமல் ரிவர்ஸ் போட்டதில், நாத்தனாரிடம் இரவல் வாங்கிய வலை மோட்டாரின் விசிறியில் முறுக்கிக் கிடக்கிறது. உயிர்காப்புச் சட்டைகளை மெத்தையாகப் போட்டு நால்வர் உட்கார்ந்திருக்கிறார்கள். வெயிலில் பீர் வாடையும் பெட்ரோல் வாடையும் கலந்து வீசுகிறது. "இதையெல்லாம் ஓரமாப் போடக் கூடாதாக்கா?" என்கிறான் ஓட்டியவன், வாய் நிறையச் சிப்ஸோடு. "ஓரமா வரச் சொல்லி மீனுக்கு நீயே சொல்லிட்டுப் போ, தம்பி. முதல்ல சாவியில இருந்து கைய எடு, என் விரல் உள்ள இருக்கு." இன்ஜின் ஓடாத படகைக் காற்று பாறைப் பக்கம் தள்ளுகிறது. பிரித்தெடுக்க நேரமில்லை. தண்ணீரில் காறித் துப்பிவிட்டு அறுக்கிறாள். அதையும் ஒருத்தி சிரித்துக்கொண்டே போனில் பிடிக்கிறாள். விசிறி விடுபட்டதும் இன்ஜின் உறுமுகிறது. படகு கிளப்பிய அலை அவள் முகத்தில் அடிக்கிறது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கந்தலை அள்ளி மடியில் போட்டுக்கொள்கிறாள். நாத்தனாருக்கு ஒரு முழு வலை தர வேண்டியிருக்கிறது.