வெந்நீரில் மாதுளைத் தோல்

எழிலரசி மாதுளைத் தோல் பொடியை வெந்நீரில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பழங்களைத் தின்றவன் அவள் கணவன் தணிகை. மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்தபடி, "பழம் எனக்கு, தோலு உன் ஆராய்ச்சிக்கு" என்று ஒவ்வொரு துண்டாக அவள் பையில் போடுவான். அப்போது அவள் மெத்தனால் என்ற ரசாயனத்தில்தான் சாறு இறக்கிக்கொண்டிருந்தாள். அதன் வாடை துணியோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வரும். மருந்து ஏறிய உடம்பு தாங்காமல் அவள் அருகே போனாலே அவனுக்குக் குமட்டும். அதற்காகவே தண்ணீருக்கு மாறினாள். ஆய்வகத்தில் சிரித்தார்கள். தண்ணீரில் சத்து அந்த அளவுக்கு இறங்கவில்லை. சூட்டை ஏற்றியும் இறக்கியும், ஊறும் நேரத்தை நீட்டியும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

இது அவன் போட்ட தோலில் கடைசிக் கைப்பிடி. வடிகட்டிய சாற்றில் சில சொட்டுகளை ஊதா நிறக் கரைசலில் விட்டாள். சாற்றில் சத்து இருந்தால் ஊதா போய்விடும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெளுத்து, மெல்ல மஞ்சளானது.

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருந்த சேவியர் பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வெறும் தண்ணியிலயா இப்படி வந்திருக்கு? இன்னும் கொஞ்சம் தோலு கொண்டு வாங்க மேடம். மெத்தனால்லயும் போட்டு ஒப்பிட்டுப் பாத்துடலாம்."

"மெத்தனால் வேணாம் சார்" என்றாள் அவள், சோதனைக் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல். "வீட்டுக்குப் போனா அவருக்குக் குமட்டும்."