இன்னும் கொஞ்சம் மெல்லுப்பா

அரிசிக் கிடங்கு ஒன்றில் ஓர் எலிக் குடும்பம் இருந்தது. குட்டிகளுக்கு இன்னும் பல் உறுதிப்படவில்லை. அம்மா எலி அரிசியைக் கூழாக மென்று ஊட்டுவாள். அந்த வேலைக்கு அப்பா எலி வந்ததே இல்லை.

ஒருநாள் அவன் வாசனையான மாவுருண்டை ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான்.

"மெத்துன்னு இருக்கு. நீ எதுக்குத் தாடை வலிக்க மெல்லணும்? இதையே குடுத்துடு."

"நான் தின்னு பாக்காம பிள்ளைங்களுக்குக் குடுக்க மாட்டேன்" என்று அவள் பாதியைத் தின்றாள். மீதிக்காக முண்டியடித்த குட்டிகளை, "சாயங்காலம் தரேன்" என்று விலக்கினாள்.

சாயங்காலம் அவள் வயிறு பற்றி எரிந்தது. பால் குடிக்க வந்த கடைக்குட்டியைக் காலால் தள்ளிவிட்டாள்.

"பிள்ளைங்கள என்கிட்ட விடாதீங்க. அந்த உருண்டையச் சாக்கடையில போடுங்க" என்றாள். அதன் பிறகு அவள் பேசவில்லை.

அவன் உருண்டையைச் சாக்கடையில் தள்ளிவிட்டுத் திரும்பினான். குட்டிகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. கொஞ்சம் அரிசியை மென்று கடைக்குட்டிக்கு ஊட்டினான். அது உடனே துப்பிவிட்டது.

"நொய் நொய்யா இருக்குப்பா. அம்மாவையே குடுக்கச் சொல்லு."

துப்பியதைப் பொறுக்கியெடுத்து மறுபடியும் மெல்ல ஆரம்பித்தான்.