சாவுப் பாய்

டோங்காவின் கடைக்கோடித் தீவிலிருந்த அரசு காப்பீட்டு அலுவலகத்தின் திறமையை மதிப்பிட, காலைப் படகில் கிளம்பி வந்த லெசியெலியின் பாவாடை இன்னும் காயவில்லை. ஊழியர்கள் எல்லோரும், அந்த ஊர் வழக்கப்படி சொந்தக்காரர் சாவுக்குத் துக்கமாகக் கட்டும் கிழிந்த பாயை இடுப்பில் சுற்றியிருந்தார்கள்.

"பெரிய அலை வந்தா சமாளிப்பீங்களா?"

"வேலை நிக்காதும்மா. இன்னிக்குக்கூட ஒருத்தரும் லீவு போடல," என்றார் மேலாளர் ஃபொலாவு.

"இனிமே என்ன சிக்கல் வரும்?"

"காப்பீடு எடுக்க ஊர்ல ஆளில்ல."

"அது கிடக்கட்டும், செத்தது யாரு?"

"நாங்கதான். காலையில வந்த அலையில ஊரே போயிருச்சு. எங்களுக்காகப் பாய் கட்ட ஒரு சொந்தமும் மிஞ்சல. அதான் நாங்களே கட்டிக்கிட்டோம்."

சிரிக்கப் போனவளிடம் மடித்த பாய் ஒன்றை நீட்டினார்.

"கட்டிக்குங்கம்மா. உங்க படகும் கரைக்கு வந்து சேரல."