மூன்று நாள் விருந்தாளி

வியாழக்கிழமைச் சந்தையிலிருந்து டாக்சியில் திரும்பும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெர்மன்காரரை வலுக்கட்டாயமாக வீட்டுக்கு அழைத்து வந்தேன். பெயர் யோனாஸ். மொரோக்கோவில் சத்தமே இல்லாத ஊராகத் தேடிக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்ற என் மனைவி இத்தோ என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சிரித்தபடி புதினா டீ போட உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் யோனாஸ் மூட்டை கட்டினார்.

"இப்படி ஒரு அமைதியை நான் எங்கயும் பார்த்ததில்லை, ஹம்மு. உங்க வீட்டுல ஒரு சண்டை உண்டா, சச்சரவு உண்டா? ஊருக்குப் போய் இதைத்தான் எழுதப் போறேன்."

"இங்கயே உக்காந்து எழுதுங்களேன். இன்னும் ஒரு வாரம் இருங்க."

"விருந்துன்னா மூணு நாள்தான்னு இங்க வழக்கமாமே. இத்தோ சொன்னாங்க."

"அவ கெடக்கறா. நீங்க இருங்க."

அவர் பையை நான் விடவே இல்லை. என் பாசத்தைப் பார்த்து மனுஷன் கண் கலங்கிவிட்டார்.

டாக்சி வளைவில் மறைந்தது. இத்தோ டீத் தட்டைக் கீழே வைத்தாள்.

"விருந்தாளி முன்னால வேணாம்னு மூணு நாளா வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். இப்ப சொல்லுய்யா. எங்கப்பா குடுத்த கழுதையைச் சந்தையில எவனுக்கு வித்தே?"