ஒரு துளை மேலே

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியைச் சவுரிராயன் வேண்டுமென்றே கெடுத்துக்கொண்டிருந்தார்.

முழங்கை நீளத்துக்கு ரிமோட் வண்டி அது, பாறை ஏறுவதற்கென்றே செய்தது. பின் அச்சை உடம்போடு பிணைக்கும் நாலு லிங்க் கம்பிகளில் மேலே இருந்த இரண்டைக் கழற்றி, உடம்புப் பக்கத்தில் ஒரு துளை மேலே ஏற்றி மாட்டினார். பட்டறைக்குப் பின்னால் இருந்த கருங்கல் குவியலில் விட்டுப் பார்த்தார். காலையில் சரசரவென்று ஏறிய வண்டி, இப்போது பின்பக்கம் குந்தி, மூக்கைத் தூக்கி, மல்லாக்க விழுந்தது. அவருக்குப் பரம திருப்தி.

ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஒற்றை விரலால் கைப்பேசியில் எழுதினார்: 'மேடம், வண்டி மறுபடியும் மல்லாந்து விழுகிறது. என்ன செய்யலாம்? - அரிபிரசாத்.'

டீ கொண்டுவந்த பூமாலை தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். திண்டிவனம் பைபாஸில் போன வருடம்தான் டீக்கடை போட்டவன். அவரிடம் வாய் கொடுக்கத் துணிந்த ஒரே ஆளும் அவன்தான்.

"இன்னா பெரிசு, யாரு அது அரிபிரசாத்?"

"நான்தான். அதுக்கு இன்னா இப்ப?"

"காலையில சூப்பரா ஏறிக்கினு இருந்துச்சே. நீயே கெடுத்துட்டு, நீயே கேள்வியும் கேக்குறியா?"

சவுரிராயன் டீயை வாங்கிக்கொண்டார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். கோபத்தில் அவர் விட்ட வார்த்தைகளுக்குப் பிறகு, பெற்ற பிள்ளை முதற்கொண்டு, சொந்தம் என்று ஒருத்தரும் வாசல் மிதிப்பதில்லை. லாரிக்காரர்களும் வேறு பட்டறை பார்த்துக்கொண்டார்கள். இந்த வண்டியும் ஒழுங்காக ஓடிவிட்டால், பிரபாவதியிடம் கேட்பதற்கு அவருக்கு ஒன்றுமே இருக்காது.

பிரபாவதி விழுப்புரத்தில் இந்த மாதிரி வண்டிகள் விற்கும் கடை வைத்திருப்பவள். மூன்று மாதத்துக்கு முன்னால் அவளுடைய வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. அதுவரை பொம்மைக் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத மனுஷன், அன்றைக்கே ஒரு வண்டி வாங்கிவிட்டார். இவர் எழுதிக் கேட்பார். அவள் குரலில் பதில் அனுப்புவாள். நாற்பது வருடம் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தவருக்குத் தெரியாத விஷயம் எதையும் அவள் சொல்லிவிடவில்லை. இருந்தும் ஒவ்வொரு பதிலையும் ஏழெட்டுத் தடவை போட்டுக் கேட்பார். அந்த வீட்டில் வேறு பேச்சுச் சத்தம் கிடையாது.

"குரலைக் கேட்டா அந்தப் பொண்ணுக்கு முப்பது வயசுகூட இருக்காது. உனக்கு அறுபத்து மூணு. பேரை வேற மாத்திக்கினு... நல்லாவா இருக்குது?"

"வாயை மூடிக்கினு போடா."

"பேசணும்னு ஆசையா இருந்தா பஸ் ஏறு. விழுப்புரம் இன்னா, ஒரு மணி நேரம். இல்லன்னா போனாவது போடு."

"போன் வேணாம்டா. என் குரலைக் கேட்டா அதுக்கப்புறம் பதிலே வராது."

அதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பூமாலை கிண்டலை நிறுத்திக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. பிரபாவதி! இத்தனை நாளில் அவள் கூப்பிட்டதே இல்லை. சவுரிராயன் தொடவே பயந்து உட்கார்ந்திருக்க, பூமாலைதான் பச்சைப் பொத்தானை அமுக்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"அரி சார், போட்டோ பார்த்தேன். நட்டு மேல மஞ்சள் பெயின்ட்டுல கோடு இழுத்திருக்கீங்களே?"

முறுக்கிய நட்டுக்குக் குறுக்கே மஞ்சள் கோடு போடுவது அவர் பட்டறையின் வழக்கம்; வீட்டு ஆட்களுக்கும் தெரியும். கோடு விலகியிருந்தால் நட்டு திரும்பிவிட்டது என்று அர்த்தம். லாரிக்குப் போட்ட கை, வண்டி முதலில் சரியானபோது இதற்கும் தன்னால் போட்டிருந்தது. தொண்டையைச் செருமி, குரலை மூக்குக்குக் கொண்டுபோனார்.

"ஆ... ஆமாங்க மேடம்."

"பாதிக் கோடு நட்டுல இருக்குது. மீதிப் பாதி கீழ்த் துளை ஓரமா நிக்குது. கரெக்டா இருந்ததை முறுக்கி, கோடும் போட்டுட்டு, அப்புறம் கழட்டி மேல மாட்டியிருக்கீங்க."

கையும் களவுமாக அகப்பட்டாகிவிட்டது. இனிமேல் பதில் வராது, அந்தக் குரலும் போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள்:

"வண்டியைக் கெடுக்காமலே நீ எனக்குப் போன் பண்ணலாம், அப்பா."